ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர்: ஒலி பிசகினால் எங்கே பார்ப்பது, எந்தப் புராசஸர் எடுப்பது – மலையக வீடுகளுக்கான முழு வழிகாட்டி

டிவியில் ஆள் வாயை மூடிய பிறகும் பேச்சு வந்துகொண்டிருந்தால், "கம்ப்யூட்டர் பழசு, புராசஸர் பத்தல" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். டவுண் கடையில் கேட்டாலும் பெரும்பாலும் அதே பதில்தான் வரும். விற்பதற்கு அவரிடம் வேறொரு கம்ப்யூட்டர் இருக்கிறதே. ஒலி பிசகுவதில் மூன்று வகை உண்டு. அதில் ஒன்றுக்குத்தான் புராசஸர் பொறுப்பு. மற்ற இரண்டும் பெரும்பாலும் காசு செலவில்லாமல் தீர்ந்துவிடும். அதனால் சோதனை முதலில், கடை பிறகு.

பிசகின் வகையைக் கண்டுபிடியுங்கள்

ஒரே படத்தை மூன்று இடத்தில் பாருங்கள்: தொடங்கி ஐந்து நிமிடத்தில், நடுவில், கடைசியில். மூன்று இடத்திலும் ஒரே அளவு பிசகு இருந்தால் அது நிலையான பிசகு. வயரிலோ டிவியிலோ ஸ்பீக்கரிலோ காரணம் இருக்கும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் அது வளரும் பிசகு. கோளாறு அந்தக் கோப்பிலேயே இருக்கிறது. சில நேரம் சரியாகவும், சண்டைக் காட்சி வந்தால் படம் திக்கித்திக்கி ஓடி ஒலி முன்னே போய்விடுவதுமாக இருந்தால், அது தாறுமாறான பிசகு. நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் கொஞ்ச நேரம் சரியாவதும் இதன் அடையாளம். புராசஸர் மேல் சந்தேகப்பட வேண்டியது இந்த மூன்றாவதில் மட்டும்.

சோதிக்க எந்தப் படம் என்பதில் கவனம் வேண்டும். டப்பிங் படம் கூடவே கூடாது. அதில் உதடும் வசனமும் எந்தக் காலத்திலும் ஒட்டுவதில்லை; கம்ப்யூட்டரைத் திட்டிப் பயனில்லை. உதட்டைவிட அடி நல்ல அளவுகோல். காமன் கூத்தில் எடுத்த வீடியோ இருந்தால் அதையே போடுங்கள். தப்பில் குச்சி படும் கணமும் 'டப்' என்ற ஓசையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கண்ணே சொல்லிவிடும். ஒன்று மட்டும்: கூட்டத்துக்குப் பின்னால் தூரத்தில் நின்று எடுத்த வீடியோவாக இருக்கக்கூடாது. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி செக்கன் எடுக்கும்; 30 மீட்டர் தள்ளி நின்றால் வீடியோவிலேயே 90 மில்லி செக்கன் தாமதம் பதிவாகியிருக்கும். அப்படி எதுவும் கையில் இல்லையென்றால், போனுக்கு முன்னால் ஒருவர் கைதட்டும் வீடியோ ஒன்றை எடுத்தால் போதும்.

கண்ணால் பார்த்தது போதாது, எண்ணாகவே வேண்டும் என்பவர்களுக்கு: அந்த வீடியோவை டிவியில் ஓடவிட்டு, போன் கேமராவை ஒரு செக்கனுக்கு 60 பிரேம் என்று வைத்து டிவியைப் படம் எடுங்கள். எடுத்ததை ஏதாவதொரு எடிட்டிங் செயலியில் திறந்து, கை சேரும் பிரேமுக்கும் ஒலி அலை குத்தாக எழும் இடத்துக்கும் நடுவில் எத்தனை பிரேம் என்று எண்ணுங்கள். ஒரு பிரேம் ஏறக்குறைய 17 மில்லி செக்கன். ஆறு பிரேம் இடைவெளி என்றால் நூறு மில்லி செக்கன். டிவிக்குப் பக்கத்திலேயே நின்று எடுங்கள்.

எவ்வளவு பிசகினால் பிசகு? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பி.டி.1359 என்ற பரிந்துரையில் எல்லை வகுத்திருக்கிறது. ஒலி 45 மில்லி செக்கன் முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்; பிந்தினால் 125 வரை தெரியாது. பொறுத்துக்கொள்ளக்கூடிய எல்லை முந்துவதற்கு 90, பிந்துவதற்கு 185. ஒலி பிந்துவதைக் கண்ணும் காதும் மன்னித்துவிடுகின்றன, முந்துவதை விடுவதில்லை. எதிர் மலையில் ஒருவர் விறகு பிளக்கும்போது கோடரி இறங்கிய பிறகுதான் சத்தம் வரும்; அந்த வரிசைக்கு நாம் பிறந்ததிலிருந்தே பழகியவர்கள். சத்தம் முதலில் வந்து கோடரி பின்னால் இறங்கினால்தான் விசித்திரம். சரிசெய்யும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் ஒலியைக் கொஞ்சம் பின்தள்ளியே வையுங்கள்.

நிலையான பிசகு: வயர் வழியே நடந்து பாருங்கள்

முதல் வேலை, எல்லாவற்றையும் கழற்றுவது. சவுண்ட்பார், ஆம்ப், புளூடூத் ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு எச்டிஎம்ஐ வயர் டிவிக்கு, ஒலி டிவியின் சொந்த ஸ்பீக்கரில். இப்போது சரியாக இருந்தால் கம்ப்யூட்டர் குற்றவாளி இல்லை. கழற்றியவற்றை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் பிசகு திரும்பி வருகிறதோ அதுதான் ஆள்.

பெரும்பாலும் அகப்படுவது புளூடூத். ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபக்கம் விரிப்பதற்குள் சாதாரண ஸ்பீக்கர்களில் 150 முதல் 250 மில்லி செக்கன் வரை போய்விடும். ஸ்பீக்கரின் விலையைக் கூட்டினால் தீரும் என்றும் இல்லை. படம் பார்க்க வயர் போடுங்கள். லயத்து அறையில் டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. அதற்கு எதற்குப் புளூடூத்?

அடுத்தது இதற்கு நேர்மாறானது. கம்ப்யூட்டரின் 3.5 மில்லிமீட்டர் ஓட்டையிலிருந்து நேராக சப்வூஃபர் செட்டுக்கு வயர் போட்டிருப்போம். ஒலி உடனே போய்விடும். படமோ டிவிக்குள் போய், கூர்மையாக்குவது, அசைவை வழவழப்பாக்குவது என்று டிவி செய்யும் ஒப்பனை எல்லாம் முடிந்த பிறகுதான் திரைக்கு வரும். அதனால் ஒலி முந்தும். டிவி அமைப்பில் அந்த எச்டிஎம்ஐ வாசலுக்கு 'கேம் மோட்' அல்லது 'பிசி மோட்' போடுங்கள். ஒப்பனை குறைந்து படம் சீக்கிரம் வரும். பல வீடுகளில் இந்த ஒரு பொத்தானோடு கதை முடிந்துவிடும். வழவழப்பு போய்விட்டதே என்று வீட்டில் யாராவது குறைப்பட்டால், எனக்கு அதில் இரக்கம் இல்லை. படம் சீரியல் மாதிரித் தெரிவதற்கே அந்த ஒப்பனைதான் காரணம்.

சவுண்ட்பாரோ ஆம்போ டிவியின் ஏஆர்சி வாசல் (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ வாசல்) வழியாக இணைந்திருந்தால், டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் ஒலித் தாமதம் என்றொரு எண் இருக்கும். முதலில் அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒலி வடிவம் 'பாஸ்த்ரூ' (ஒலியை அவிழ்க்காமல் அப்படியே அனுப்புவது) என்று இருப்பதைப் 'பிசிஎம்' (அவிழ்த்து அனுப்புவது) என்று மாற்றிப் பாருங்கள். டால்பி ஒலியை அவிழ்க்கும் வேலை சவுண்ட்பாரிடம் இருந்தால் அங்கேயும் நேரம் போகும். டிவியும் சவுண்ட்பாரும் இரண்டுமே ஈஏஆர்சி (ஏஆர்சியின் புதிய வடிவம்) வகை என்றால் ஒலி–ஒளிச் சீரமைப்பை அவை தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. பழைய ஏஆர்சியில் அது கட்டாயம் இல்லை.

இவ்வளவும் செய்த பிறகு மிச்சம் இருந்தால்தான் பிளேயரில், அதாவது படம் ஓட்டும் மென்பொருளில், கை வைக்க வேண்டும். பலர் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பிளேயரில் சரிசெய்தது அந்தப் பிளேயருக்கு மட்டும். பிரவுசரில் யூடியூப் போட்டால் பழைய பிசகு அப்படியே இருக்கும்.

விஎல்சியில் 'கே' எழுத்தை அழுத்தினால் ஒலி 50 மில்லி செக்கன் பின்னால் போகும், 'ஜே' அழுத்தினால் முன்னால் வரும். ஒலி முந்துகிறதா, 'கே'. பிந்துகிறதா, 'ஜே'. எம்பிசி-எச்சியில் எண் பலகையின் கூட்டல், கழித்தல் பொத்தான்கள் 10 மில்லி செக்கனாக நகர்த்தும், இன்னும் நுணுக்கமானது. கோடி மென்பொருளில் படம் ஓடும்போதே ஒலி அமைப்பைத் திறந்து ஒலி ஆஃப்செட்டை மாற்றலாம். சரியான எண் கிடைத்ததும், எல்லாப் படங்களுக்கும் இதையே இயல்பாக வை என்ற தெரிவையும் அழுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த படத்தில் மறுபடி தொடக்கத்திலிருந்து வர வேண்டும்.

வளரும் பிசகு: கணக்குப் போட்டால் காரணம் தெரியும்

சினிமா ஒரு செக்கனுக்கு 24 பிரேம். டிஜிட்டல் கோப்புகளில் பெரும்பாலும் அது 23.976. இலங்கை 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி முறையைப் பின்பற்றும் நாடு என்பதால் இங்கே தொலைக்காட்சிக்கு 25. ஒன்றின் ஒலியை இன்னொன்றின் படத்தோடு சேர்த்துவிட்டால் விலகல் வளரும், அதுவும் ஒழுங்காக வளரும். 24-க்கும் 23.976-க்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்று: ஒரு மணி நேரத்துக்கு 3.6 செக்கன். 24-க்கும் 25-க்கும் நூற்றுக்கு நான்கு: ஒரு மணி நேரப் படத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல். ஒரு மணி நாற்பது நிமிடப் படத்தின் கடைசியில் 6 செக்கன் பிசகு என்றால் 6000 செக்கனுக்கு 6, ஆக ஆயிரத்தில் ஒன்று. காரணம் கையில் கிடைத்துவிட்டது.

எம்கேவி-டூல்நிக்ஸ் இலவச மென்பொருளில் ஒவ்வொரு தடத்துக்கும் நேரத்தை நீட்டும் கட்டம் உண்டு. அதில் ஒலித் தடத்தைத் தொடாமல் படத் தடத்தை நீட்டுங்கள் அல்லது சுருக்குங்கள்; அந்த முறை படத்துக்கும் சப்டைட்டிலுக்கும்தான் நன்றாகப் பொருந்தும். ஒலி போகப்போகப் பிந்துகிறதென்றால் ஒலி படத்தைவிட நீளம். படத்துக்கு 1001/1000 என்று கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும். மறு என்கோடிங் கிடையாது, சில நிமிட வேலை.

நம் வீடுகளில் வளரும் பிசகு அதிகம் வருவது சினிமாவில் இல்லை, கல்யாண வீட்டு, சடங்கு வீட்டு வீடியோக்களில்தான். போன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்பப் பிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்யும். மண்டபத்துக்குள் ஒன்று, வெளியே பந்தலில் ஒன்று. எடிட்டிங் மென்பொருள் அதை ஒரே வேகம் என்று நினைத்து வெட்டி ஒட்டும்போது ஒலி நழுவுகிறது. எடிட் செய்வதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 'நிலையான பிரேம் வீதம்' என்று தெரிவு செய்து மாற்றி எடுத்துவிட வேண்டும். எடிட் முடித்து டிவிடி போட்டுக் கொடுத்த பிறகு கண்டுபிடித்தால், பழைய மூலக்கோப்பைத் தேடிப் போவதைத் தவிர வழியில்லை.

தாறுமாறான பிசகு: இயந்திரத்தைப் பாருங்கள்

பிரச்சினை தரும் படத்தை ஓடவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபோர்மன்ஸ் பக்கத்தில் இரண்டு இடம் பாருங்கள்: சிபியூ (புராசஸர்) எத்தனை சதவீதம், ஜிபியூவுக்குள் (கிராஃபிக்ஸ் பகுதி) 'வீடியோ டிகோட்' கோடு அசைகிறதா. டிகோட் என்றால் சுருக்கிய வீடியோவை அவிழ்ப்பது. டிகோட் கோடு 20, 30-இல் ஏறியிருந்து சிபியூ சாவகாசமாக இருந்தால் படம் அதற்குரிய தனிச் சுற்றில் அவிழ்கிறது, எல்லாம் நலம். டிகோட் கோடு பூச்சியத்தில் படுத்திருந்து சிபியூ 90, 100 என்று முட்டிக்கொண்டிருந்தால், படத்தை அவிழ்க்கும் பாரம் முழுவதும் சிபியூ தலையில். ஒலி தன் வேகத்தில் ஓட, படம் பின்தங்கும்.

அப்படி இருந்தாலும் உடனே கடைக்குப் போக வேண்டாம். பிளேயரில் ஹார்ட்வேர் டிகோடிங் அணைந்திருக்கலாம். டிஸ்பிளே டிரைவர் இல்லாமல் விண்டோஸின் பொது டிரைவரிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். அரைகுறையாக விண்டோஸ் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர்களில் இது சாதாரணம். யூடியூபில் மட்டும் திக்கினால் வீடியோ மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நேர்ட்ஸ்' திறந்து பாருங்கள். கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) வரிசையில் ஏவி1 என்ற புதிய முறை இருந்து, உங்கள் இயந்திரத்துக்கு அது தெரியாது என்றால் அதுதான் காரணம். எச்264இஃபை என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டால் யூடியூப் பழைய எச்.264 வடிவத்தையே அனுப்பும். 1080-க்கு மேல் கிடைக்காது, ஆனால் திக்காது.

சிபியூவும் சும்மா இருக்கிறது, படமும் நிற்கிறது என்றால் கோப்பு வரும் வழியைப் பாருங்கள். வெளி ஹார்ட் டிஸ்க் தூங்கி விழிக்கிறதா, வைஃபை சுவருக்குப் பின்னால் இருக்கிறதா. அதே கோப்பை உள் டிஸ்க்குக்கு நகல் எடுத்து ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நம் ஊருக்கென்று சில காரணங்கள் இருக்கின்றன. நுவரெலியா 1868 மீட்டர் உயரம். கம்ப்யூட்டர் சூடாவது அங்கே பெரிய கவலை இல்லை, ஈரம்தான் கவலை. ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவக்காற்று மாதங்களிலும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசி மழையிலும் மூடிய அலமாரிக்குள் வைத்த கருவிகளின் இணைப்பு முனைகளில் பச்சை பூக்கும். எச்டிஎம்ஐ முனை அழுக்கானால் ஒலி ஒரு கணம் அறுந்து திரும்பும். பார்ப்பவர் அதைப் பிசகு என்று நினைப்பார். வயரைக் கழற்றி மாட்டினால் சரியாகிறது என்றால் வயரை மாற்றுங்கள். கம்ப்யூட்டரைச் சுவரோடு ஒட்டாமல், காற்றுப் போகும்படி வையுங்கள்.

மாலையில் எல்லா வீட்டிலும் அடுப்பும் கேத்தலும் ஏறும்போது வோல்ட் இறங்கும் தோட்டங்களில், வோல்டைச் சீராக்கும் வகை யூபிஎஸ் ஒன்று தேவை. ஏப்ரல், ஒக்டோபர் பின்னேர இடிமழைக்கு யூபிஎஸ்ஸை மட்டும் நம்பக்கூடாது. மின்னல் கரண்ட் வயரில் மட்டும் வருவதில்லை. கூரையில் இருக்கும் டிஷ்ஷின் வயர் வழியாக பெட்டிக்கு, பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கு, அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு. இடி கேட்டால் பிளக்கோடு டிஷ் வயரையும் கழற்றுங்கள்.

புராசஸர்: பெயரைப் பார்க்காதீர்கள், தலைமுறையைப் பாருங்கள்

எல்லாம் பார்த்தும் டிகோட் கோடு எழும்பவில்லை என்றால், இப்போது புராசஸர் பேச்சை எடுக்கலாம். "அண்ணே, இது ஐ7, எதுவும் தாங்கும்" என்பார் கடைக்காரர். எந்தத் தலைமுறை ஐ7 என்று கேளுங்கள். 2013-இல் வந்த ஐ7-4770-இல், 4கே படங்களில் வழக்கமாக வரும் எச்.265 கோடெக்கின் 10-பிட் வீடியோவை அவிழ்க்கும் சுற்று கிடையாது. 2017-இல் வந்த பென்டியம் ஜி4560-இல் இருக்கிறது. வேறு வேலை எதிலும் அந்த பென்டியம் ஐ7-க்கு ஈடாகாது. 4கே படம் ஓட்டுவதில் மட்டும் ஐ7 திணறும், பென்டியம் தூங்கிக்கொண்டே ஓட்டும். இதற்குக் கோர் எண்ணிக்கை உதவாது. புராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதிக்கு எந்தக் கோடெக் தெரியும் என்பதுதான் முடிவு செய்யும்.

இன்டெலில் எண்ணைப் படிப்பது எளிது. ஐ5-4590 நான்காம் தலைமுறை, ஐ3-8100 எட்டாம் தலைமுறை, ஐ3-10100 பத்தாம் தலைமுறை. ஆறாம் தலைமுறைக்கு எச்.265 8-பிட் முழுமையாகத் தெரியும், 10-பிட் அரைகுறை. ஏழாம் தலைமுறையிலிருந்து எச்.265 10-பிட்டும் யூடியூபின் விபி9-உம் முழுமை. ஏவி1 வேண்டுமென்றால் டெஸ்க்டாப்பில் பதினொன்றாம் தலைமுறை ஐ5-இலிருந்து, அல்லது பன்னிரண்டும் அதற்குப் பிறகும். கடைசியில் 'எஃப்' எழுத்து வந்தால் விட்டுவிடுங்கள். ஐ5-12400எஃப் போன்றவற்றில் கிராஃபிக்ஸ் பகுதியே வேலை செய்யாது, தனி கார்ட் வாங்க வேண்டும். 'டி' எழுத்து வந்தால் நல்லது: 35 வாட்டில் ஓடும் ரகம், விசிறிச் சத்தம் குறைவு. சிறிய அறையில் விசிறி இரைந்தால் மெதுவான வசனம் எதுவும் காதில் விழாது.

ஏஎம்டியில் 2200ஜி, 2400ஜி, 3400ஜி, 5600ஜி என்று 'ஜி' வந்தவற்றில் கிராஃபிக்ஸ் உண்டு, எச்.265 10-பிட்டும் விபி9-உம் ஓடும். ஆனால் 5600ஜி-க்கும் ஏவி1 தெரியாது. ரைசன் 5 3600 மாதிரி எழுத்தில்லாத பழையவற்றில் கிராஃபிக்ஸ் இல்லை.

என் தெரிவைச் சொல்கிறேன். புதிதாக, படம் பார்க்க மட்டும் என்றால் இன்டெல் என்100 போட்ட சின்னப் பெட்டி. 6 வாட் ரகம், நான்கு கோர், எச்.265, விபி9, ஏவி1 மூன்றும் தெரியும். யூபிஎஸ்ஸிலும் நீண்ட நேரம் தாங்கும். பிள்ளைகளின் பாடசாலை வேலைக்கும் சேர்த்து என்றால், அலுவலகங்களிலிருந்து கழித்து இறக்குமதியாகும் எட்டாம், ஒன்பதாம் தலைமுறைச் சிறிய பெட்டிகள் நல்ல பேரம். ஏழாம் தலைமுறை மலிவாகக் கிடைத்தாலும் யோசியுங்கள். விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறை முதல் என்பதுதான் பொதுவான விதி. விண்டோஸுக்குப் பதிலாக, கோடி மென்பொருள் மட்டும் ஓடும் லிப்ரஎலெக் போட்டுக்கொள்வதாக இருந்தால் ஏழும் போதும்.

இந்த அலுவலகப் பெட்டிகளில் ஒரு கண்ணி உண்டு. பலவற்றில் டிஸ்பிளேபோர்ட் வாசல்தான் இருக்கும். எச்டிஎம்ஐ இருந்தாலும் பெரும்பாலும் 1.4 வகை, 4கே படம் ஒரு செக்கனுக்கு 30 பிரேமுக்கு மேல் போகாது. 24 பிரேம் சினிமாவுக்கு அது போதும், மவுஸ் அசைவுதான் இழுக்கும். 60 வேண்டுமென்றால் டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ 2.0-க்கு மாற்றும் 'ஆக்டிவ்' வகை மாற்றி வாங்குங்கள். விலை குறைந்த மாற்றிகள் பலவும் 30-இலேயே நின்றுவிடும்.

வீட்டில் இருக்கும் நான்காம் தலைமுறை டெஸ்க்டாப்பைத் தூக்கிப் போட மனமில்லையா? ஜிடி 1030 கார்ட் ஒன்று போதும். 30 வாட், தனி மின்வயர் வேண்டாம், எச்.265 10-பிட் தெரியும். அதே அலமாரியில் மலிவாக ஜிடி 710 இருக்கும், அதற்கு எச்.265 தெரியாது, வாங்கினால் பணம் வீண். ராம் 8 ஜிபி, ஒரே குச்சியாக இல்லாமல் நான்கு நான்காக இரண்டு. விண்டோஸுக்கு எஸ்எஸ்டி.

கடைக்குப் போகும்போது வீட்டில் திக்கிய அந்தக் கோப்பையே பென் டிரைவில் கொண்டுபோங்கள். காட்டுகிற கம்ப்யூட்டரில் போட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதிக அசைவுள்ள காட்சி ஒன்றைப் பத்து நிமிடமாவது ஓடவிடுங்கள். டிகோட் கோடு எழும்பி, சிபியூ 20-க்குள் நின்றால் விலை பேசத் தொடங்கலாம்.